கொக்குக் கடையின் மரக்கூண்டு

ஆவூர் மெயின் ரோட்டில் செம்மல் கட்டிய கட்டடத்தைப் பார்த்து முதலில் வேகத்தைக் குறைத்தவர் டவுன் பஸ் டிரைவர். இரண்டாவதாகக் குறைத்தது ஒரு மாடு. அது சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நமக்கு எதற்கு வம்பு என்பதுபோல் வந்த வழியே திரும்பிப் போனது. மூன்றாவதாக வந்தவர் வார்டு உறுப்பினர் அழகம்மாள். அவர் திரும்பிப் போகவில்லை. நின்ற இடத்திலேயே செல்போனை எடுத்து நான்கு பேருக்குப் பேசினார்.

சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. இங்கிலாந்திலிருந்து வந்த செம்மல், மாதா கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில் பார் கட்டுகிறான்.

ஊர் சொன்னதில் பாதி உண்மை. செம்மல் பதினாறு வருஷம் யார்க்ஷயர் பக்கம் ஒரு சிற்றூரில், ஒரு பப்பில் சமையல்காரனாக இருந்தவன். அந்தப் பப்பின் பெயர் 'பழைய கொக்கு'. கட்டி நானூறு வருஷம் ஆகிறது. அந்தக் காலத்தில் குடிக்க வந்த குடியானவர்களுக்கு எழுத்துத் தெரியாது என்பதால், வாசலில் பெயருக்குப் பதில் படம்தான் தொங்கும். அந்தப் பப்பின் வாசலில் ஒரு கொக்கு ஒற்றைக் காலில் நின்றது.

வெள்ளைச் சுவர். அதில் குறுக்கும் நெடுக்குமாகக் கறுத்த மரச்சட்டங்கள். கீழ்த்தளத்தைவிட மேல்தளம் ஒன்றரை அடி தெருப்பக்கம் நீட்டிக்கொண்டு, யாராவது ரகசியம் பேசினால் கேட்கலாம் என்பதுபோல் எட்டிப் பார்க்கும். வாசல் குள்ளம். உள்ளே உத்தரம் அதைவிடக் குள்ளம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அந்த உத்தரம் தந்த தழும்பு இன்னும் செம்மலின் நெற்றியில் இருக்கிறது.

அதே போல ஒரு கடையை ஆவூரில் கட்ட வேண்டும் என்பது அவன் ஆசை. சரக்கு கிடையாது. டீ, கோட்டைப்பட்டினத்திலிருந்து வருகிற மீனில் பொரியல், கட்டைவிரல் தடிமனில் உருளைக்கிழங்கு வறுவல். அவ்வளவுதான்.

"ஏங்க, ஒயின்ஷாப்புக்குப் பூட்டுப் போட்ட டீச்சரோட புருசன் பார் மாதிரி கட்டடம் கட்டுனா, ஊரு என்ன சொல்லும்?" என்று அவன் மனைவி ஷர்லி அஸ்திவாரம் போட்ட அன்றே கேட்டாள்.

"பார் மாதிரி இல்ல டீச்சர், பப் மாதிரி."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"பப்புல மீன் பொரிப்போம்."

"ஒயின்ஷாப் வாசல்லயும்தான் பொரிக்கிறான்."

ஷர்லி நடுநிலைப் பள்ளியில் தமிழாசிரியை. இரண்டு வருஷத்துக்கு முன் ஊர்ப் பெண்கள் சேர்ந்து மதுக்கடையை மூட வைத்தபோது, கோஷம் எழுதியது அவள், மைக் பிடித்தது அவள். கடைசியில் பூட்டுப் போடும்போது அழகம்மாள் சாவியைப் பிடித்திருக்க, ஷர்லி பூட்டைப் பிடித்திருந்த படம் பேப்பரில் வந்தது. அந்தப் படத்தைச் செம்மல் 'பழைய கொக்கு'வின் அடுப்படியில் நின்றுதான் பார்த்தான். பக்கத்தில் பீர் பீப்பாய் உருண்டுகொண்டிருந்தது.

ஊர் என்ன சொல்லும் என்பதோடு போயிருந்தால் பரவாயில்லை. அங்கே பப்பின் முதலாளியம்மா டாரத்தி ஒரு மெயில் அனுப்பியிருந்தார். செப்டம்பர் முப்பதுவரை அடுப்படி அவனுக்காகக் காத்திருக்கும், அதற்குள் வருகிறானா இல்லையா என்று சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் வேறு ஆள். இங்கே அழகம்மாள், அக்டோபர் இரண்டாம் தேதி கிராமசபையில் கடைக்கு எதிராகத் தீர்மானம் கொண்டுவரப் போவதாகச் சொல்லிவிட்டார். தீர்மானம் நிறைவேறினால் பஞ்சாயத்து லைசென்ஸ் தராது. லைசென்ஸ் இல்லையென்றால் கடை இல்லை. கடை இல்லையென்றால் மறுபடியும் திருச்சி விமான நிலையம், மறுபடியும் வருஷத்துக்கு ஒரு மாத லீவு.

"போகவா, இருக்கவா?" என்று ஷர்லியிடம் நான்கு முறை கேட்டுவிட்டான்.

"ஒங்க இஷ்டம்" என்று நான்கு முறையும் பதில் வந்தது. ஒரு முறை தோசை திருப்பிக்கொண்டே, மூன்று முறை பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டே.

கட்டட வேலையிலும் அவனுக்கு நிம்மதி இல்லை. கொத்தனார் நாகராசு பொன்னமராவதிக்காரர். சுவரின் நேர் பார்க்கும் ரசமட்டத்தை இடுப்பில் சொருகிக்கொண்டுதான் சாப்பிடவே உட்காருவார். செம்மல் பப்பின் போட்டோவைக் காட்டி, சுவர் கொஞ்சம் சாய்ந்தாற்போல் வேண்டும் என்று சொன்னதும் அவர் கொத்துக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"சார், இது சாஞ்சது இல்ல. விழப்போறது."

"நானூறு வருசமா இப்படித்தாங்க நிக்கிது."

"நிக்கட்டும். நான் கட்டலையே! நாளைக்கு இந்த ரோட்டுல போறவன்லாம் நாகராசு கட்டுன செவுரைப் பாரு, குடிச்சிட்டுக் கட்டியிருக்கான்னு சொல்லுவான். அப்புறம் எனக்கு எவன் பொண்ணு குடுப்பான்?"

"ஒங்களுக்குத்தான் ரெண்டு பேரன் இருக்காங்களே."

"அவங்களுக்கு எவன் குடுப்பான்?"

கடைசியில் சுவர் நேராக நின்றது. அதன்மேல் பதித்த கறுப்புச் சட்டங்கள் மட்டும் சாய்ந்தன. அந்தச் சட்டங்களும் பொன்னமராவதிப் பக்கம் இடித்த ஓட்டு வீட்டுப் பனைமரம்தான். இங்கிலாந்துக்காரன் தார் பூசி வரவைத்த கறுப்பு, நம் பனைக்குப் பிறவியிலேயே இருந்தது. அது ஒன்றுதான் செம்மலுக்குத் தானாக அமைந்தது.

உள்வேலை முழுவதையும் தச்சர் செபமாலையிடம் கொடுத்திருந்தான். நாற்பது வருஷமாக மாதா கோயில்களுக்கு வேலை செய்கிறவர். பெஞ்சு, பீடம், தேர், சப்பரம் என்று சுற்றுவட்டாரக் கோயில்களில் அவர் கை படாத பலகை குறைவு. பப்பின் உள்பக்கத்தைப் பதினான்கு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அவருக்கு அனுப்பினான். "அப்படியே வேணும்ணே" என்றான். "அச்சு அசலா வந்துரும் தம்பி" என்றார் அவர்.

செப்டம்பர் இருபத்தேழாம் தேதி, சனிக்கிழமை காலை, அழகம்மாளின் மனு கைக்கு வந்தது. கிராமசபையில் வைப்பதற்கு முன் ஒரு பிரதி. செம்மல் வாசலில் நின்றபடியே படித்தான். எட்டுக் குறிப்புகள். ஒற்றுப்பிழைகூட இல்லாத தமிழ். முதல் குறிப்பு, வெளியிலிருந்து உள்ளே தெரியாத கண்ணாடி. இரண்டாவது, ஆளைக் குனிய வைக்கும் வாசல். நான்காவது, 'உட்கார இயலாதபடி மூன்றடி எட்டங்குல உயரத்தில் அமைக்கப்படவுள்ள மேசை'. கடைசி வரி, 'உறுப்பினர்கள் ஞாயிறன்று நேரில் பார்வையிட்ட பின்னரே இம்மனு சபையில் வைக்கப்படும்'.

"மூணடி எட்டங்குலம்!" என்றான் செம்மல். "கவுண்டர் மேசை இன்னும் வரவே இல்ல. செபமாலையண்ணன் பட்டறைல கெடக்கு. அந்த அளவு இவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தச்சர் எங்கயாச்சும் டீக்கடைல சொல்லியிருப்பாரு" என்றாள் ஷர்லி. துவைத்த துணியை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். "தமிழ் நல்லாருக்குல்ல?"

"ரொம்ப நல்லாருக்கு. அதான் பயமா இருக்கு."

அன்று பகல் முழுக்க அவன் திருச்சியில். பூப்போட்ட மங்கல் கண்ணாடி வெட்டி வாங்க அவ்வளவு நேரம் பிடித்தது. திரும்பி வந்தபோது மணி நான்கு. கடை வாசலில் ஒரு குட்டியானை மினிலாரி காலியாக நின்றது. உள்ளே செபமாலை கவுண்டரின் கடைசி ஆணியை அடித்துவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, பாராட்டுக்குத் தயாராக நின்றார்.

செம்மல் குனிந்து உள்ளே வந்தான். நிமிர்ந்தான். சுற்றிலும் பார்த்தான்.

பப்பில் சுவரோரம் உயரமான முதுகு வைத்த மரப்பலகை இருக்கும். இங்கே இருந்தது கோயில் பெஞ்சு. கீழே முழந்தாளிடும் பலகை, முதுகுப்பக்கம் பாட்டுப் புத்தகம் வைக்கும் தட்டு, எல்லாவற்றுடனும். பப்பின் கவுண்டர் முன்னால் கால் வைக்க ஒரு பித்தளைக் கம்பி ஓடும். இங்கே கோயிலில் நற்கருணை அப்பம் வாங்குகிற இடத்தில் இருக்குமே அந்தக் கிராதி, அது ஓடியது. கவுண்டரின் முகப்பில் செபமாலை தம் கையால் செதுக்கிய திராட்சைக் குலையும் கோதுமைக் கதிரும்.

"திராட்சை" என்றான் செம்மல் ஈனக்குரலில்.

"பீடத்துக்குன்னா அதான் தம்பி போடுவோம். பூசை ரசத்துக்குத் திராட்சை, அப்பத்துக்குக் கோதுமை."

"அண்ணே, நாளைக்குக் காலைல அழகம்மாக்கா வர்றாங்க. பார் இல்லைன்னு நான் சத்தியம் பண்ணணும். நீங்க முகப்புலயே திராட்சை போட்டு வச்சிருக்கீங்க!"

"கோதுமையப் பாருங்க தம்பி. ரொட்டிக்கடைன்னு சொல்லிக்கலாம்."

செம்மல் மூலைக்குத் திரும்பினான்.

'பழைய கொக்கு'வில் அவனுக்கு ரொம்பப் பிடித்த இடம் அந்த மூலைதான். கவுண்டரின் கோடியில், மரப்பலகையால் அடைத்த ஒரு சின்ன அறை. ஒருவரோ இருவரோ உட்காரலாம். மேல்பாதியில் மங்கல் கண்ணாடி. கவுண்டர் பக்கம் ஒரு குட்டி ஜன்னல். அங்கே அதை ஸ்னக் என்பார்கள். அதன் போட்டோவைத்தான் ஐந்து கோணத்தில் அனுப்பியிருந்தான்.

செபமாலை அதைப் பார்த்து, செய்த பாவத்தைப் பாதிரியார் காதில் சொல்கிற பாவசங்கீர்த்தன மரக்கூண்டைச் செய்து வைத்திருந்தார். உள்ளே முழந்தாள் பலகை. ஜன்னலில் சின்னச் சின்ன ஓட்டை போட்ட சல்லடைப் பலகை. உச்சியில் ஒரு சிலுவைகூட வைத்திருப்பார். செம்மல் அதற்குள் வந்துவிட்டதால் அது அவர் கையிலேயே நின்றுவிட்டது.

"அண்ணே, இது என்னண்ணே?"

"நீங்க அனுப்புன போட்டோதான் தம்பி." செபமாலை போனை எடுத்துக் காட்டினார். "ஒரு மரக்கூண்டு. ஒரு ஆள் ஒக்கார்ற அளவு. உள்ள இருக்கிறது யாருன்னு வெளிய தெரியாத கண்ணாடி. காதுகிட்ட சின்ன ஜன்னல். நாப்பது வருசமா இதை நான் என்னன்னு செஞ்சுட்டிருக்கேன்? ஆவூர்ல யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவான். ஆனா, அங்க வெள்ளக்காரன் கடைக்குள்ளயே வச்சிருக்கானேன்னு கொஞ்சம் யோசிச்சேன். சரி, குடிச்சதும் உடனே சொல்லிட்டுப் போயிரட்டும்னு வச்சிருப்பான்னு நெனச்சுக்கிட்டேன்."

செம்மலுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் பக்கத்தில்தான் இருந்தது. அந்தக் கூண்டு எதற்கு என்று சொன்னான். அந்தக் காலத்தில் பெண்கள் பப்புக்கு வந்து ஆண்கள் நடுவில் உட்கார முடியாது. போலீஸ்காரரும் பாதிரியாரும்கூட வந்ததை ஊர் பார்க்கக் கூடாது. அதனால் பக்கவாட்டில் நுழைந்து கூண்டில் உட்கார்ந்துகொள்வார்கள். குட்டி ஜன்னல் வழியாகக் கேட்டதைக் கொடுப்பார்கள். யார் வந்தார், எவ்வளவு குடித்தார் என்று ஜன்னலுக்கு இந்தப் பக்கம் இருக்கிறவனுக்கு மட்டும்தான் தெரியும். அவன் வெளியே சொல்ல மாட்டான்.

செபமாலை கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

"அப்ப ரெண்டும் ஒன்னுதான தம்பி? யாருக்கும் தெரியாமப் போயி ஒக்காந்து, ஜன்னல் வழியா பேசி, மனசு லேசாகி வர்றது."

"நாளைக்கு இதை அழகம்மாக்கா கேட்டா நான் என்ன சொல்ல?"

"செபக்கூண்டுன்னு சொல்லுங்க. இந்தக் கடையப் பாத்தா ஒயின்ஷாப்னு யாருமே சொல்ல மாட்டாங்க. பூசை வைக்கலாம். நான் செஞ்ச தப்பு ஒங்களுக்கு நல்லதாப் போச்சு. கம்முன்னு ஏத்துக்குங்க."

நல்ல யோசனைதான். வாங்கி வந்த கண்ணாடியைக் கூண்டில் பொருத்தும்போதும், அன்று இரவு முழுக்கவும் செம்மல் அதையே மனத்துக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தான். செபக்கூண்டு, அக்கா. ஆமாக்கா, செபக்கூண்டு. ஒவ்வொரு முறையும் குரல் வேறு யாருடையதோபோல் இருந்தது. ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். பதினாறு வருஷத்தில் செம்மல் பல நாட்டுச் சமையலைக் கற்றுக்கொண்டானே தவிர, பொய் சொல்லக் கற்றுக்கொள்ளவில்லை. ஐந்து வருஷத்துக்கு முன் போனில் "காய்ச்சல் இல்ல, சும்மா தும்மல்" என்று அவன் சொன்னதை ஷர்லி மூன்றே நொடியில் கண்டுபிடித்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்ததும் அழகம்மாள் ஆறு பெண்களுடன் வந்துவிட்டார். அவர் அம்மன் கோயில் தெருக்காரர். மாதா கோயில் பூசை முடியும் நேரத்தைத் துல்லியமாகத் தெரிந்துவைத்து, மதுக்கடையை மூட வைத்த ஷர்லியின் குழுவைக் கோயில் வாசலிலேயே சேர்த்துக்கொண்டு வந்திருந்தார். ஆறு பேருக்கும் பின்னால் ஷர்லி வந்தாள். கையில் பேனாவும் நோட்டும். குழுவின் செயலாளர் அவள்தான்.

அழகம்மாள் நிமிர்ந்த நடைக்காரர். கலெக்டர் ஆபீசிலேயே தலையைச் சாய்க்காமல் பேசியவர் என்று பெயர். வாசலில் 'தலை பத்திரம்' என்று எழுதிய பலகையைப் படித்தார், அது யாரோ உயரமானவர்களுக்கு என்று முடிவு செய்தார், நேராக நடந்தார்.

டொக்.

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கக் கூடாது என்பதற்காக இரண்டு பேர் தரையைப் பார்த்தார்கள். 'மாட்டுக்கு இருந்த புத்தி...' என்று ஆரம்பித்த ஒருத்தியைப் பக்கத்தில் இருந்தவள் இடித்தாள்.

"ஏப்பா, என்னையவே குனிய வச்சுட்டியே" என்றார் அழகம்மாள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு.

"எனக்கும் அங்கதாங்க்கா அடி." செம்மல் தன் தழும்பைக் காட்டினான்.

"எதுக்கு இம்புட்டுக் குள்ளமா?"

"அங்க குளிரு ஊருக்கா. வாசல் சின்னதா இருந்தா சூடு வெளிய போகாது."

"இங்க என்ன குளிரு? சித்திரைல வந்து நின்னு பாரு. சூடு வெளிய போகாதாம்ல!"

ஷர்லி நோட்டில் எழுதினாள். அவள் உதடு அசைந்ததா, இல்லையா என்று செம்மலால் கண்டுபிடிக்க முடியவில்லை.

உள்ளே வந்த பெண்கள் சுற்றிப் பார்த்தார்கள். பெஞ்சைப் பார்த்தார்கள். கிராதியைப் பார்த்தார்கள். இருவர் தங்களை அறியாமல் முக்காடு போட்டுக்கொண்டார்கள். ஒருத்தி தண்ணீர்ச் செம்பு வைத்திருந்த மாடத்தைத் தீர்த்தத் தொட்டி என்று எண்ணி, விரலை நனைத்து நெற்றியில் சிலுவை போடக் கையைத் தூக்கி, பாதியில் விழித்துக்கொண்டு மூக்கைச் சொறிந்தாள்.

"இதென்னப்பா, கோயிலாட்டம் இருக்கு?" என்றார் அழகம்மாள்.

மூலையில் நின்ற செபமாலை பூரித்துப்போனார். சொல்லுங்க, சொல்லுங்க என்று செம்மலைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"மேசை ஏன் ஒயரம்? நின்னு குடிக்கவா?"

"நின்னு கேக்கக்கா. அங்க சர்வர் வர மாட்டான். நம்மளே வந்து, கேட்டு, வாங்கிட்டுப் போயி ஒக்காரணும்."

"ரேசன் கடை மாதிரி."

"ஆமாக்கா. ஆனா பொருள் இருக்கும்."

ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது. அழகம்மாள் கவுண்டர் முகப்பைத் தடவிப் பார்த்தார். திராட்சைக் குலையில் விரல் நின்றது.

"நல்ல வேலைப்பாடு" என்றார் அழகம்மாள் செபமாலையிடம். "எங்க அம்மன் கோயில் கதவுக்கும் ஒன்னு இதே மாதிரி செய்யணும்." பிறகு கடைசி மூலைக்குப் போனார். கூண்டின் முன்னால் நின்றார். கதவைத் திறந்து மூடினார். சல்லடை ஜன்னலில் விரலை விட்டுப் பார்த்தார்.

"இது?"

எல்லோருக்கும் அது என்னவென்று தெரிந்திருந்தது. அதனால்தான் எல்லோரும் செம்மலைப் பார்த்தார்கள். செபமாலையின் உதடு சத்தமில்லாமல் 'செப' என்று அடியெடுத்துக் கொடுத்தது. ஷர்லியின் பேனா நோட்டுக்கு மேல் நின்றது. நாளை மறுநாள் முப்பதாம் தேதி. ஒரே ஒரு சொல் போதும்.

"அக்கா..." என்றான் செம்மல். "அது, பொம்பளைங்க மறைஞ்சு ஒக்காந்து குடிக்கிற எடம்."

செபமாலை நெற்றியில் அடித்துக்கொண்டார்.

முக்காடு போட்டிருந்த இருவரும் ஒரே நேரத்தில் அதை எடுத்தார்கள். செம்மல் வேகவேகமாக மீதியையும் சொல்லிவிட்டான். ஆண்கள் நடுவில் அவர்கள் உட்கார முடியாது, உட்கார்ந்தால் பேச்சு வரும், அதனால்தான் இப்படி ஒரு கூண்டு, தான் இங்கே சரக்கு விற்கப் போவதில்லை, ஆனால் கூண்டு எதற்கு என்று கேட்டால் அதுதான் உண்மை, செய்தது மட்டும் செபமாலையண்ணன் வேறு மாதிரி செய்துவிட்டார். சொல்லி முடித்ததும் அவனே மூச்சு வாங்கினான்.

அழகம்மாள் கூண்டின் கதவைத் திறந்தார். உள்ளே போனார். கதவைச் சாத்திக்கொண்டார்.

மங்கல் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு நிழல் உட்கார்ந்தது. ஒரு நிமிஷம் போனது. இரண்டு நிமிஷம். வெளியே நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்றாவது நிமிஷத்தில் சல்லடை ஜன்னல் வழியாகக் குரல் வந்தது.

"யாரு வெளிய இருக்கிறது?"

"செம்மல்தாங்க்கா."

"ஒரு டீ குடு."

செம்மல் அடுப்படிக்கு ஓடினான். நல்ல ஸ்ட்ராங்காக, இஞ்சி தட்டிப்போட்டு, ஆற்றிக்கொண்டு வந்தான். ஜன்னலில் நீட்டினான். அப்போதுதான் பிரச்சினை புரிந்தது. பாவம் போகிற ஓட்டையில் டீ கிளாஸ் போகாது.

"செபமாலையண்ணே!"

"கோயில் வேலைய வெட்டச் சொல்றீங்களே தம்பி..." என்று முனகிக்கொண்டே செபமாலை உளியை எடுத்தார். சல்லடையின் கீழ்ப்பாதியைக் கிளாஸ் போகிற அளவுக்குச் சதுரமாக வெட்டினார். உள்ளே இருந்து ஒரு கை வந்து டீயை வாங்கிக்கொண்டது. உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு பேச்சும் வந்தது, அழகம்மாள் மேடையில் பேசாத குரலில்.

"பன்னெண்டு வருசமா வார்டு மெம்பரு. ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சிருக்கேன். ஒரு நாள், ஒரே ஒரு நாளு, இந்த ரோட்டுல ஒக்காந்து ஒரு டீ குடிச்சிருக்கேனா? கடை பூரா ஆம்பள. ஒருத்தன் பெஞ்சை விட்டு எந்திரிக்கிறான், ஒருத்தன் பீடியை மறைக்கிறான், ஒருத்தன் ரேசன் கார்டை நீட்டுறான். பார்சல் வாங்கிட்டுப் போயி வீட்டுல குடிச்சா அது ஆறிப்போன கழுநீரு. ஏண்டி, நீங்க யாராச்சும் குடிச்சிருக்கீங்களா?"

ஆறு பேரும் யோசித்தார்கள். ஒருத்தி திருச்சியில் மகள் பிரசவத்தின்போது ஆஸ்பத்திரி கேன்டீனில் குடித்ததாகச் சொன்னாள். அது நின்றுகொண்டு.

கிளாஸ் காலியாகி ஜன்னல் வழியே வெளியே வந்தது. அழகம்மாளும் வெளியே வந்தார். முகத்தில் பழைய கண்டிப்பு திரும்பியிருந்தது.

"எழுதிக்க டீச்சர். தீர்மானத்தை மாத்துறோம். ஒன்னாவது, சரக்கு ஒரு சொட்டு வந்தா, டீச்சர் புருசன்னும் பாக்க மாட்டேன், பூட்டு இன்னும் எங்கிட்டதான் இருக்கு. ரெண்டாவது, இந்தக் கூண்டை எடுக்கவே கூடாது. இதுல ஆம்பள ஒக்காரக் கூடாது. மூணாவது..." நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "அந்தப் பலகைய இன்னும் பெருசா எழுதச் சொல்லு."

அதற்குப் பிறகு பதினொரு மணிவரை செம்மல் டீ ஆற்றிக்கொண்டே இருந்தான். ஆறு பேரும் வரிசையில் நின்று, ஒருவர் பின் ஒருவராகக் கூண்டுக்குள் போனார்கள். ஒருத்தி மருமகளைப் பற்றிச் சொன்னாள். அடுத்து அவள் மருமகளே போனாள். ஒருத்தி சீட்டு எடுத்தது வீட்டுக்காரருக்குத் தெரியாது என்றாள். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்ற செம்மல், "சர்க்கரை போதுமா?" என்பதைத் தவிர எதுவும் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து ஊரில் பங்குத்தந்தைக்கு அடுத்தபடி அதிகம் தெரிந்தவன் அவனாகத்தான் இருக்கப் போகிறான் என்பது அவனுக்கு மெல்ல உறைத்தது.

எல்லோரும் போனார்கள். செபமாலையும் வெட்டிய சல்லடைத் துண்டை இறந்துபோன பறவையைப்போல் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். செம்மல் கிளாஸ்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத் திரும்பினான். கூண்டின் கதவு சாத்தியிருந்தது. மங்கல் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு நிழல்.

"இன்னும் யாரு?"

"உள்ள இருக்கிறது யாருன்னு நீங்க கேக்கக் கூடாது. அதான இந்தக் கூண்டோட சட்டம்?"

செம்மல் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் வந்தான். "சரிங்க. யாரோ. டீ போடவா?"

"அப்புறம். மொதல்ல ஒன்னு சொல்லணும். எங்க வீட்டுக்காரருக்கு எதிரா ஒரு மனு எழுதிக் குடுத்தேன்."

செம்மலுக்கு மூன்றடி எட்டங்குலம் இப்போது விளங்கியது. ஒற்றுப்பிழை இல்லாத தமிழும்.

"ஏங்க எழுதுனீங்க?"

"நான் எழுதலைன்னா வேற ஒருத்தங்க எழுதுவாங்க. அது நேரா கலெக்டர் ஆபீசுக்குப் போயிரும். நான் எழுதுனா, நேர்ல வந்து பாத்துட்டுத்தான் வைக்கணும்னு ஒரு வரி சேத்துக்கலாம். வந்து பாத்துட்டா அப்புறம் யாரும் வாயத் தெறக்க முடியாதுல்ல."

"வந்து பாத்தப்ப நான் ஒளறி வச்சிருந்தா?"

"ஒளறுனீங்களே! நல்லாத்தான் ஒளறுனீங்க. நீங்க செபக்கூண்டுன்னு சொல்லியிருந்தா, நானே ஒன்னாவது குறிப்பை அடிச்சுட்டு, அந்தப் பொய்ய எழுதியிருப்பேன்."

"எட்டுக் குறிப்பு எழுத மனசு வந்துச்சா ஒங்களுக்கு?"

கூண்டுக்குள் பேனா மூடும் சத்தம் கேட்டது.

"ஒம்பது எழுதுனேன். ஒன்னை அழகம்மாக்கா அடிச்சிட்டாங்க. இது சொந்த விசயம், சபைல வராதுன்னு."

"என்ன அது?"

"'மேற்படி நபரை இனி எக்காரணம் கொண்டும் வெளிநாடு செல்ல அனுமதிக்கக் கூடாது.'"

நான்கு முறை கேட்ட கேள்விக்கு இப்போதுதான் பதில் வந்திருந்தது, தூய தமிழில், ஓட்டை ஜன்னல் வழியாக.

செம்மல் கவுண்டரைச் சுற்றிக்கொண்டு கூண்டின் கதவுப் பக்கம் விரைந்தான். நடுவில் இருந்த தாழ்ந்த உத்தரத்தை அவன் மறந்துபோனான்.

டொக்.

கூண்டுக்குள் இருந்து சிரிப்பு வெடித்தது. ஷர்லி வகுப்பில் சிரிக்காத சிரிப்பு. அதைக் கேட்டு ரோட்டில் போன டவுன் பஸ் மறுபடியும் வேகத்தைக் குறைத்தது.

"பழைய தழும்பு மேலயேவா?" என்றாள் உள்ளிருந்து.

"அதே எடந்தான்." செம்மல் தலையைப் பிடித்துக்கொண்டு கிராதியில் உட்கார்ந்தான். மறு கையால் போனை எடுத்தான்.

"யாருக்குப் பேசுறீங்க?"

"பேசல. டாரத்தியம்மாவுக்கு மெயில்."

"அடுப்படிக்கு வேற ஆளைப் பாத்துக்கச் சொல்லி எழுதுங்க. காரணம் கேட்டா?"

"கிராமசபைத் தீர்மானம்னு சொல்லிர்றேன்."

"பொய் சொல்ல வராதே ஒங்களுக்கு" என்றாள் ஷர்லி. ஜன்னல் வழியாக அவள் கை மட்டும் வெளியே வந்து, டீ கிளாசுக்காக விரித்தபடி நின்றது. "அனுப்பிட்டு, எனக்கு ஒரு டீ. சர்க்கரை கம்மி."